'டு' விட்டுப்போன கடிதம்

பினாங்கில், வடக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு துரை வீட்டுக்கு நான் ஆயாவாகப் போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது. இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அதற்கு முன் அக்கரையில், பிறை என்கிற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நாலாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. கப்பலேறி ஊருக்குத் திரும்பலாம் என்றால் அங்கே எனக்கென்று கதவைத் திறக்க ஒருவரும் இல்லை. லயத்தில் பக்கத்து வீட்டு அக்காதான், "தஞ்சோங்குல வெள்ளைக்காரங்க வீட்டுல கைப்புள்ளயப் பாத்துக்க ஆள் தேடுறாங்களாம், நீ போயேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். தஞ்சோங் என்று அவள் சொன்னது பினாங்கைத்தான். ஒரு துணி மூட்டையோடு படகில் கடலைத் தாண்டினேன்.

அந்த வீட்டில் துரை, துரைசானி, ஆறு மாதக் கைக்குழந்தை. பெண் குழந்தை. சமையலுக்கு ஹைனான் தீவிலிருந்து வந்த ஒரு சீனர், குக்கி என்று கூப்பிடுவோம். தோட்ட வேலைக்கு நம் ஆள் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கம். அவ்வளவுதான். துரை முக்கால்வாசி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்ப்பது அவர் உத்தியோகம். துரைசானிக்கு என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ கூட இருக்கலாம். மலாயில் நாலு வார்த்தை அவருக்கும் தெரியும், நாலு வார்த்தை எனக்கும் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே நாலு வார்த்தை இல்லை.

அதனால் நான் இங்கிலீஷைக் கற்றுக்கொண்டது முழுக்க முழுக்க ஏவல்களில் இருந்துதான். காலையில் துரைசானி மாடிப்படியில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சொல்வார். "டெல் குக் டு பாயில் த வாட்டர்" என்றால் குக்கியிடம் வெந்நீர் வைக்கச் சொல். "டோன்ட் ஃபர்கெட் டு ஷட் த விண்டோ" என்றால் ஜன்னல் சாத்த மறக்காதே. "ஐ வான்ட் யூ டு வாஷ் திஸ்" என்றால் இதை நீ துவைக்க வேண்டும். ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள் நான். கேட்டதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே பென்சிலால் எழுதிவைப்பேன். எழுதிப் பார்க்கும்போதுதான் பிடிபட்டது. வைக்க, சாத்த, துவைக்க என்று நம் பேச்சில் சொல்லின் கடைசியில் ஒட்டி வருகிற அந்த 'அ', அவர்கள் பேச்சில் 'டு' என்று முன்னாலேயே வந்து நின்றுவிடுகிறது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கண்டுபிடித்த அன்று அதைச் சொல்லிக்கொள்ளவும் ஆள் இல்லை. தோட்டக்காரரிடம் சொன்னேன். அவர் "அப்படியா" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அதுமுதல் 'டு' காதில் விழுந்ததும் அடுத்த சொல்லுக்காகத் தயாராகிவிடுவேன். அடுத்து வருவது என் வேலை. அதைப் பிடித்துக்கொண்டால் போதும், முன்னே பின்னே உள்ளது புரியாவிட்டாலும் சமாளித்துவிடலாம்.

தப்பும் நடக்கும். முதல் வருஷத்தில் ஒருநாள் மத்தியானம், துரைசானி எங்கோ வெயிலில் போய்விட்டு வந்து, "ஐ ஆம் டூ டயர்ட் டு ஈட்" என்றார். சாப்பிட முடியாத அளவுக்குக் களைப்பு என்பது அதன் அர்த்தம். குழந்தைக்கு விரல் எண்ணிக் காட்டுவதைப் பார்த்து 'டூ' என்றால் இரண்டு என்று மட்டும் எனக்குத் தெரியும், 'டு ஈட்' என்றால் சாப்பிட என்றும் தெரியும். குக்கியிடம் போய், "துவா ஓராங், மாக்கான்" என்றேன். இரண்டு பேர், சாப்பாடு. அவர் மேசையில் இரண்டு தட்டு வைத்துவிட்டார். துரை ஊரில் இல்லாத நாள் அது. துரைசானி வந்து எதிர்த் தட்டைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தட்டுக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

குழந்தை என்னிடம் வளர்ந்தாள். நான் பாப்பா என்று கூப்பிடுவேன். அவள் முதலில் பேசியது தமிழ்தான். "தண்ணி", "வா", "தூக்கு". அம்மாவிடம் இங்கிலீஷும் குக்கியிடம் மலாயும் என்னிடம் தமிழும் பேசுவாள். யாரிடம் எது என்று ஒருநாளும் தவறியதில்லை. நான் பாதி இங்கிலீஷ் கற்றது அவளிடம்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவளும் என்னிடம் இங்கிலீஷில் பேசும்போது ஏவலாகவே பேசுவாள், அம்மா குரலில்.

ஏழு வயது ஆனதும் அந்த ஜனங்கள் பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் அங்கேதான். இது முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துரைசானிக்கு அப்போது உடம்பு சரியில்லை, கப்பல் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெரிந்த குடும்பம் ஒன்று ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, அவர்களோடு அனுப்பினார்கள். கப்பலேறுகிற துறைப் பாலத்தடியில் புது பூட்ஸும் கம்பளிக் கோட்டும் போட்டு வியர்த்துக்கொண்டு நின்றாள் பாப்பா. துரைசானி குனிந்து, "டோன்ட் ஃபர்கெட் டு ரைட்" என்றார். எழுத மறக்காதே. பாப்பா தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "ஆயா, நீ வரலியா?" என்று கேட்டாள்.

துரைசானி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"ஷீ வான்ட் மீ டு கம், மேம்" என்றேன். நான் வரவேண்டுமாம்.

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் பாப்பாவின் பக்கம் குனிந்தேன். கோட்டின் பொத்தானைக் கழற்றித் திரும்பவும் மாட்டிவிட்டேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

இனி ஆயா எதற்கு, கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள் என்று மூட்டையைக் கட்டிவைத்திருந்தேன். அனுப்பவில்லை. தையல் வேலைக்கென்று வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் தைக்க அவ்வளவு ஒன்றும் இல்லை. ஒரே திரைச்சீலையின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறேன்.

ஒரு மாதம் போயிருக்கும். சாயங்கால மழைக்கு முந்தைய புழுக்கம். துரைசானி வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் தேநீர்த் தட்டை எடுக்கப் போனேன். கடலைப் பார்த்தபடியே அவர், "ஐ ஹாவ் நோ ஒன் டு டாக் டு" என்றார்.

ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். எனக்கு ஒருவரும் இல்லை, பேச. அதுவரை சரி. ஆனால் கடைசியில் இன்னொரு 'டு' வந்து நின்றது. 'டு' வந்தால் அடுத்து ஒரு வேலை வரவேண்டும். ஏழு வருஷமாக வந்துகொண்டிருந்தது. அதனால் தட்டைக் கையில் பிடித்தபடி காத்து நின்றேன். எடுக்கவா, சாத்தவா, கூப்பிடவா, என்னவென்று சொல்வார் என்று.

ஒன்றும் சொல்லவில்லை. நானும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. தனக்காகத்தான் நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார். எதிரே இருந்த பிரம்பு மோடாவைக் காட்டி, "சிட் டவுன்" என்றார்.

அந்த வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. மோடாவின் விளிம்பில் உட்கார்ந்தேன். தட்டு மடியில். அவர் பேசினார். தான் பிறந்த ஊரில் அப்பாவுக்கு மாடுகள் இருந்தன என்றார், பால் கறக்கத் தெரியும் என்றார். கிளப்புக்கு வருகிற மற்ற துரைசானிகளிடம் இதைச் சொல்ல முடியாது என்றார். பாதி புரிந்தது. நான் திரும்ப என்ன சொல்வது? "ஐ ஆல்சோ, மேம். கௌ" என்றேன். என் அப்பாவும் மாடு வைத்திருந்தார். அவர் சிரித்தார். மழை வந்துவிட்டது.

எதற்காக நின்றேன் என்பதை நான் பிறகும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சங்கடப்பட்டிருப்பார். பிறகு பிறகு அது பொய்யாகவும் இல்லாமல் போய்விட்டது.

மத்தியானங்களில் பேச்சு வழக்கமாகிவிட்டது. பேச்சு எழுத்தாகவும் ஆனது. பாப்பா விட்டுப்போன கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது, அதில் எனக்கு எழுத்துப் போடச் சொல்லித்தந்தார். தமிழில் எழுதத் தெரிந்த கைதானே, சீக்கிரம் வந்துவிட்டது. ஒருநாள் பாப்பாவின் கட்டிலுக்கு கொசுவலை மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் நின்று, "ஷீ யூஸ்ட் டு ஸ்லீப் ஹியர்" என்றார். 'யூஸ்' என்றால் சோப்பு, துணி என்று எதையாவது உபயோகிப்பது என்றுதான் எனக்குத் தெரியும். கேட்டேன். முன்பு தூங்குவாள், இப்போது இல்லை, அதுதான் என்றார். இத்தனை பெரிய விஷயத்தை இந்த ஜனங்கள் எவ்வளவு சின்னதாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வலையின் நான்கு முனையையும் கட்டினேன்.

கப்பல் தபால் வருகிற நாளில் துரைசானி கடிதத்தைப் பிரித்து முதலில் தனக்குள் படிப்பார். கடைசி வரிக்கு வந்ததும், நான் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பார். அந்த வரி எப்போதும் எனக்கு. "டெல் ஆயா ஐ ஹாவ் லேர்ன்ட் டு டை மை ஷூஸ்." பூட்ஸ் கயிறு கட்டப் பழகிவிட்டாளாம். "டெல் ஆயா இட் இஸ் டூ கோல்ட் டு கோ அவுட்." வெளியே போகமுடியாத குளிராம். அந்த ஒரு வரியை அடுத்த தபால்வரை வைத்துக்கொண்டு ஓட்டுவேன்.

மறு வருஷம் துரைசானிக்குத் திரும்பவும் காய்ச்சல் கண்டது. மலைக்காற்று நல்லது என்று கொடிமலைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம். துரையும் ஊரில் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள நான். குக்கி தன் ஆட்களைப் பார்க்க டவுனுக்குப் போய்விடுவார். தோட்டக்காரர் பின்கட்டில். பகல் முழுக்க ஒரு குரலும் இல்லாத வீடு. என் குரலே மறந்துவிடுமோ என்று சில நேரம் ஜன்னல் சாத்தும்போது "ஷட் த விண்டோ" என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

அந்த மூன்று வாரத்தில்தான் பாப்பாவுக்கு நானே கடிதம் எழுதினேன். அவள் வரிக்கு என் பதில் எப்போதும் துரைசானியின் கையெழுத்தில்தான் போயிருந்தது. இது என் கையால் போகட்டும், துரைசானி இறங்கி வந்ததும் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று ஆசை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு நாள் எழுதினேன். தோட்டத்தில் மாம்பழம் பழுத்திருக்கிறது என்று எழுதினேன். உன் கட்டிலுக்கு வலை மாற்றினேன் என்று எழுதினேன். கடைசியில் மனசில் இருந்ததை எழுத வேண்டும். துணி மடித்துக்கொண்டிருப்பேன், ஏதோ ஞாபகம் வரும், கை நின்றுவிடும், நின்று உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன், தினமும் இப்படித்தான். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

'ஸ்டாப்' தெரியும். 'திங்க்' தெரியும். இரண்டுக்கும் நடுவே 'டு' போடலாமா என்று யோசித்தேன். யோசித்துத்தான் விட்டேன், தெரியாமல் இல்லை. 'டு' என்பது வேலை ஏவுகிற சொல். பாப்பாவை நினைக்கச் சொல்லி என்னை யாரும் ஏவவில்லை. மலைக்குப் போவதற்கு முந்தைய வாரம் துரைசானி 'ஸ்யூயிங்', 'வாக்கிங்' என்று சொல்லித்தந்திருந்தார். நானாக, ஓயாமல் செய்கிற காரியத்துக்கு அதுதான் அழகு என்று தோன்றியது. எழுதினேன்: "எவ்ரி டே ஐ ஸ்டாப் திங்கிங் ஆஃப் யூ."

பழைய உறையைப் பார்த்து விலாசத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி, டிராம் ஏறித் துறைமுகத்துத் தபாலாபீசுக்குப் போய் நானே கொடுத்தேன். அங்கே இருந்தவர் விலாசத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "யாரு எழுதினது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். திரும்பும்போது டிராம் ஏறவில்லை, நடந்தே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

துரைசானி இறங்கி வந்ததும் சொல்ல வாயெடுத்தேன். ரொம்ப இளைத்திருந்தார். பிறகு சொல்லலாம் என்று விட்டேன். பாப்பா பதிலில் எழுதுவாள், அப்போது சத்தமாகப் படிப்பார், அப்போது தெரியட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு தபால் வழக்கம்போல வந்தது, எனக்கு ஒரு வரியோடு. அவை என் கடிதம் போய்ச்சேருமுன் எழுதியவை. அதற்கு அடுத்த தபாலில் எனக்கு வரி இல்லை. துரைசானி கடைசிவரை தனக்குள்ளேயே படித்து, மடித்து, உறைக்குள் போட்டுவிட்டார். நான் பக்கத்து அறையில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த தபாலிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன பாத்தியதை? பிள்ளைகள் மறக்கத்தான் செய்யும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். துரைசானியும் ஒன்றும் சொல்லவில்லை. என்னை நோகடிக்கக்கூடாது என்று இருந்திருப்பார். தபால் வருகிற நாட்களில் அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார், நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன். மத்தியானப் பேச்சும் குறைந்துபோயிற்று. ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக இருந்தோம்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் துரைசானி கையில் ஒரு கடிதத்தோடு வேகமாகப் படியிறங்கி வந்தார். அது பாப்பா எழுதியதல்ல, விடுமுறைக்குப் பாப்பா போய்த் தங்குகிற அவருடைய அக்கா எழுதியது. குரல் வேறு மாதிரி இருந்தது.

"நீ என் பெண்ணுக்குக் கடிதம் எழுதினாயா?"

"எழுதினேன், மேம்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை? அதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள். இப்போது என் அக்காவிடம் காட்டியிருக்கிறாள். என்ன எழுதினாய்?"

மாம்பழத்தைச் சொன்னேன், கொசுவலையைச் சொன்னேன். கடைசி வரி எனக்கு மனப்பாடம். "எவ்ரி டே ஐ ஸ்டாப் திங்கிங் ஆஃப் யூ."

"ஏன்?" என்றார். "அவள் உனக்கு என்ன செய்தாள்?"

"ஒன்றும் செய்யவில்லை, மேம்." எனக்கு விளங்கவே இல்லை. நல்லதைத்தானே எழுதினேன்? கூடையில் இருந்த தலையணை உறையை எடுத்தேன். மடித்தேன். பாதியில் கையை நிறுத்தி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "லைக் திஸ், மேம். ஸ்டாப். திங்கிங். எவ்ரி டே."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு என் கையிலிருந்து அந்த உறையை வாங்கி, என் ஊசியையும் வாங்கி, இரண்டு தையல் போட்டார். "ஐ ஆம் ஸ்யூயிங்." ஊசியைக் கீழே வைத்தார். "ஐ ஸ்டாப் ஸ்யூயிங்." தையலை விட்டுவிட்டேன். பிறகு எழுந்து கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். நடுவில் நின்றார், உட்கார்ந்தார், ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். "ஐ ஸ்டாப் டு ஸ்யூ." தைப்பதற்காக நின்றேன்.

அவர் மூன்றாம் முறை செய்து காட்ட வேண்டியிருக்கவில்லை. நான் எழுதியது என்ன என்று தெரிந்துவிட்டது. தினமும் உன்னை நினைப்பதை விட்டுவிடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு, குளிர் தேசத்துக்கு, என் கையால், நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சந்தோஷமாகத் திரும்பி வந்திருக்கிறேன்.

"ஏன் 'டு' போடவில்லை?" என்று மெதுவாகக் கேட்டார். "உனக்குத் தெரியுமே."

"'டு' என்றால் வேலை, மேம். பாப்பாவை நினைக்க யாரும் எனக்குச் சொல்லவில்லை."

அவர் எழுந்தார். மாடிக்குப் போய் நல்ல தாளும் மைக்கூடும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். நான் எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஆனால் தாளைத் தொடவில்லை. நாலே வரி. முன்பு எழுதியது தப்பு என்று எழுதினேன். "ஐ ஸ்டாப் டு திங்க் ஆஃப் யூ" என்று எழுதி, 'டு'வின் மேல் இரண்டு தடவை எழுதிக் கறுப்பாக்கினேன். நடந்ததை விளக்கி அவர் தனியாக ஒரு கடிதம் எழுதினார். இரண்டும் ஒரே உறையில் போயின.

போக ஒரு மாதம், பதில் வர ஒரு மாதம். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. துரைக்கும் உத்தியோகம் போயிற்று. துரைசானி என்னிடம் வந்து, "வீ ஆர் டு கோ ஹோம்" என்றார். போகிறோம் என்று சொல்லவில்லை, போக விரும்புகிறோம் என்றும் சொல்லவில்லை. போக வேண்டுமென்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருந்தது. அவர்களுக்கும் மேலே ஏவுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

மூன்று வாரத்தில் வீட்டைக் காலிசெய்தார்கள். பாலத்தடியில் துரைசானி என் கையைப் பிடித்தார். "போனதும் முதலில் இதைத்தான் அவளிடம் பேசுவேன்" என்றார். நான் "கோ வெல், மேம்" என்று ஏதோ சொன்னேன். சரியா தப்பா தெரியாது. அவர் திருத்தவில்லை.

எனக்குச் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை கிடைத்தது, கீழே மாவு அரைக்கும் கடை. வேறு வெள்ளைக்கார வீடுகளில் ஆயா வேலை இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பிள்ளைகள் பத்து நாளில் தாயோடு போய்விடும். அது எனக்குச் சரியாக இருந்தது.

ஆனால் கப்பல் தபால் வருகிற நாள் எது என்று எனக்குத் தெரியுமே. அந்த நாட்களில் வேலை முடிந்ததும் வடக்குச் சாலைவரை நடப்பேன். வீடு பூட்டிக் கிடந்தது, புது ஆட்கள் வரவில்லை. தோட்டக்காரரை மட்டும் காவலுக்கு வைத்திருந்தார்கள். வாசல் கேட் அருகில் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டுவார், இல்லை என்று. ஒருதரம், "எதுக்கும்மா இம்புட்டு தூரம் நடக்கிறே, வந்தா நானே கொண்டாந்து தரமாட்டேனா?" என்றார். "பரவால்லண்ணே, வேற எங்கயும் போறதுக்கு இல்ல" என்றேன். அவர் உள்ளே கூப்பிட்டு ஒரு கோப்பை காப்பி கொடுத்தார். வராந்தாவில் பாய்போட்டு மூடிய நாற்காலிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்தோம்.

நாலாவது நடையில் அவர் தலையை ஆட்டவில்லை. உறையில் என் பெயர் இருந்தது, ஆயா என்று. பக்கத்தில் வீட்டு விலாசம். நின்ற இடத்திலேயே பிரித்தேன். எழுத்து வளர்ந்திருந்தது.

தமிழில் சொன்னால் இப்படி வரும். அன்புள்ள ஆயா, அம்மாவின் கடிதத்தைப் படித்தபிறகு புரிந்தது. எனக்குக் கோபம் இல்லை, வருத்தமாகத்தான் இருந்தது. நீ வேலையை நிறுத்த வேண்டியதில்லை. செய்துகொண்டே நினைக்கலாம், அப்போது வேலையும் முடிந்துவிடும். எனக்கு முன்பல் இரண்டு விழுந்து முளைத்துவிட்டது. எனக்குத் தமிழில் மூன்று சொல்தான் ஞாபகம் இருக்கிறது. சுவரில் ஓடி 'டிக் டிக்' என்று சத்தம் போடுமே, அதற்கு என்ன பெயர்? இங்கே அது இல்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்றார் தோட்டக்காரர்.

"பல்லிக்கு என்ன பேருன்னு கேக்குது" என்றேன். சொல்லிவிட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குழாயைத் திறந்து செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனார்.

அன்றே பதில் எழுதினேன். 'பல்லி' என்று இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு பல்லியும் வரைந்தேன். வால் சரியாக வரவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பாப்பா தப்பாக எடுத்துக்கொண்டு எழுதாமல் விடவில்லை, அம்மா வந்துவிட்டதால் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றில்லை. முதல் மௌனத்தில் எனக்கு இருந்த பயம் இரண்டாம் மௌனத்தில் இல்லை. தனிமை இருந்தது, அது வேறு.

ஒரு வருஷம் போல ஆகி, துரைசானியிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது, ஆஸ்பத்திரி விலாசத்துக்கு. தோட்டக்காரர்தான் யாரிடமோ சொல்லி என் விலாசத்தை அவருக்கு எழுதி அனுப்பச் செய்திருக்கிறார். அட்டையில் ஆற்றுப்பாலம் ஒன்றின் படம். பின்னால், மகள் என் தோளுக்குமேல் வளர்ந்துவிட்டாள், மரியாதையாக இருக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் பேசப் பழகிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார். அந்த வரியில் ஒரு 'டு' இருந்தது. "வீ ஆர் லேர்னிங் டு டாக்." பெற்ற பிள்ளையோடு பேசுவதற்குப் பழகவேண்டியிருக்கிறது என்று அவர் எனக்குத்தான் எழுதியிருக்கிறார். வேறு யாரிடமாவது சொல்லியிருப்பாரா, தெரியவில்லை.

என்ன பதில் எழுதுவது என்று ஒரு வாரம் அட்டையைத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். ஆறுதல் சொல்கிற இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. தமிழிலும் அது எனக்குக் கைவந்ததில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தெரிந்ததை எழுதினேன். இந்த வருஷம் மழை அதிகம். தோட்டக்காரர் சுகமாக இருக்கிறார், வீட்டுக்கு ஒரு சீனக் குடும்பம் குடிவந்திருக்கிறது, மாமரத்தை வெட்டவில்லை. என்னை ஆஸ்பத்திரியில் மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள், ஜன்னல் வழியாக மலை தெரிகிறது. அவ்வளவும் எழுதி மையை ஆறவிட்டு, ஒட்டி, வழியில் பெட்டியில் போட்டேன். அன்று ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டு மணி முறை வேலை. டிராம் வந்ததும் ஏறிக்கொண்டேன்.